நாற்பது பை சீமெந்து

லூர்த்தம்மாவின் காலில் முருகைக்கல் விழுந்தபோது அருளம்பலத்தார் பங்களிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். சந்தைக்குள் இருந்த ஒரேயொரு நல்ல கதிரையில் அவர் இருந்தார். அது என் கடைக் கதிரை. சந்தை மீளெழுச்சிக் கூட்டுக்குழுவின் மற்ற உறுப்பினர்களான நாங்கள் வெங்காயச் சாக்குகளில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் மீன் விற்கும் பெண்கள் பன்னிரண்டு பேர், வண்டிலில் வந்து இறங்கிய கற்களைத் தலையில் சுமந்துகொண்டு வந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். "ஆரார் தங்களாலை ஏலுமானதைக் குடுக்கினமோ, அதுதான் பங்களிப்பு," என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, "ஐயோ மாதாவே" என்று சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஒருவரும் எழும்பவில்லை. லூர்த்தம்மா நிலத்தில் குந்தி, வலது காலின் பெருவிரலையும் அடுத்ததையும் கையால் பொத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கால் இரத்தம் வந்தது. "ஒண்டுமில்லை, நீங்கள் கதையுங்கோ," என்று அவளே சொன்னாள். நாங்களும் கதைத்தோம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. எங்கள் சந்தையின் கூரை போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஷெல் இரண்டு விழுந்தது. ஒன்று மரக்கறிப் பக்கக் கூரையைக் கொண்டுபோனது, மற்றது மீன் பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கைத் தோண்டிவிட்டுப் போனது. அந்தக் கிடங்கில் மாரி வந்தால் முழங்கால் மட்டும் தண்ணீர் நிற்கும், கோடையில் மீன் கழுவிய தண்ணீர் நிற்கும். அதைச் சுற்றிச் சேற்றுக்குள் சாக்கை விரித்துக்கொண்டு அந்தப் பெண்கள் மீன் விற்றார்கள். வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்து மருதனார்மடம் சந்தைக்குப் போய்விடுவார்கள். சனம் வராததால் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பூட்டிய கடை வாசலில் நாய் படுத்தது. ஒரு ஊர் சாவதற்கு ஷெல் மட்டும் காணாது, மற்ற ஆட்கள் சும்மா இருக்கவும் வேண்டும். அதை நாங்கள் நன்றாகச் செய்தோம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ வெளியே நின்று பார்த்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். என் பெயர் பரமலிங்கம். சந்தைக்கு எதிரே ஹாட்வெயர் கடை. சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ற் என்று பெயர்ப்பலகையில் நீட்டுக்கு எழுதியிருக்கும். அதில் உள்ள ஒரு சாமானும் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குள் வர, போரைக் காட்டி அரசாங்கம் விடவில்லை. இடிந்த வீடுகளில் பிடுங்கிய கோணல் ஆணிகளை வாங்கி, தண்டவாளத் துண்டில் வைத்துத் தட்டி நிமிர்த்தி விற்பதுதான் என் வியாபாரம். முப்பது வருடம் சீமெந்து விற்ற கை அது. பையைத் தூக்கிப் பார்த்தே அது எத்தனை நாள் பழையது என்று சொல்லுவேன். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு எனக்கு எதிராகப் பாவிக்கலாம்.

அந்த நேரத்தில்தான் கனிசியஸ் வந்தான். வெளிநாட்டுக் காசில் நடந்த ஏதோ ஒரு நிறுவனத்தின் அலுவலர். ஊரெல்லாம் சைக்கிள் மிதிக்க, அவனிடம் மட்டும் பெற்றோல் ஊற்றிய மோட்டார்சைக்கிள் இருந்தது. சிறு பட்டினச் சந்தைகளை உள்ளூர் அமைப்புகளின் கூட்டு முயற்சியால் தூக்கி நிறுத்துகிற திட்டம் என்று ஒரு கட்டுத் தாளைக் காட்டினான். கொழும்பில் ஆறு மாதம் அனுமதிக்கு அலைந்து, கப்பலில் ஒரு மாதம் கிடந்து, எங்கள் சந்தைக்கென்று நாற்பது பை சீமெந்து வரப்போகிறது என்றான். சீமெந்து! எங்கள் வாயெல்லாம் ஊறியது. முதலில் மீன் பக்கத்துக்குக் கிடங்கை நிரப்பி உயர மேடை, பிறகு மரக்கறிப் பக்கத்துக்கு நிலம். மீன் பக்கம் ஏன் முதலில் என்று கந்தப்பு கேட்டார். தாளில் 'பெண்கள்' என்று எழுதியிருக்கிறது என்றான் கனிசியஸ். அந்த ஒரு சொல்லுக்காக எங்களில் எவரும் அறியாத பன்னிரண்டு பெண்களின் பெயர்களை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டு எழுதினேன். அவர்கள் என் கடைக்கு முன்னால் பதினைந்து வருடமாக இருந்தவர்கள்.

குழு அமைத்தோம். கோயிலுக்கும் வர்த்தகர் சங்கத்துக்கும் அருளம்பலத்தார். அவர் இளைப்பாறிய தபாலதிபர். வாழ்நாளில் ஒரு முருங்கைக்காய்கூட விற்றதில்லை, ஆனாலும் வர்த்தகர் சங்கத்துக்கு அவரே தலைவர், ஏனென்றால் கடிதம் எழுதத் தெரிந்தவர். உடன்படிக்கையில் இரண்டு அமைப்புக்கும் அவரே, வேறு வேறு பேனையால், இரண்டு கையெழுத்துப் போட்டார். கமக்காரர் சங்கத்துக்குக் கந்தப்பு. வெங்காயமும் புகையிலையும் பயிரிடுகிறவர், அருளம்பலத்தார் கிழக்கென்றால் இவர் மேற்கென்பார். மீன் விற்கும் பெண்களுக்கு லூர்த்தம்மா. அவள் கடலோரத்துக் கொழும்புத்துறைக்காரி. கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து புருஷன் வீட்டோடு. கரையோரத்தில் களங்கண்ணி வலை கட்டுகிறவர்களிடம் இறாலும் திரளி மீனும் வாங்கிக்கொண்டு, விடிய லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரப் பெட்டியில் ஏறி எங்கள் சந்தைக்கு வந்து, விற்று, ஐந்து பேருக்கு உலை வைக்கிறவள். செயலாளரும் களஞ்சியக் காப்பாளரும் நான். கனிசியஸ் ஒரு விதி வைத்தான். எல்லா அமைப்பும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பிடி சீமெந்தும் களஞ்சியத்தை விட்டு வெளியே போகும். அதுதான் கூட்டுப் பொறுப்பாம். எல்லா அமைப்பும் பங்களிப்பும் செய்ய வேண்டும். கோயில் ஆசியைக் கொடுத்தது. வர்த்தகர் சங்கம் என் பின்னறையைக் கொடுத்தது. கமக்காரர் வண்டில் கொடுத்தார்கள். பெண்கள் நாலு நாள் கல் சுமந்தார்கள். லூர்த்தம்மா மேலதிகமாக ஒரு விரற்காயமும் கொடுத்தாள்.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. காயம் ஆறவில்லை. "கால் நனையக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார். ஈரமும் சேறும் பட்டால் விரலைக் கழட்ட வேண்டி வருமாம்," என்று அடுத்த கூட்டத்தில் அவள் சொன்னாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்பதற்காகச் சொன்னாள். "ஐப்பசி முடிய முன்னம் மேடை எழும்பீடும், நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றார் அருளம்பலத்தார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். என் கையெழுத்து அழகானது.

சீமெந்து வந்தது. என் கடையின் பின்னறையில் பலகை அடுக்கி, சுவரில் முட்டாமல் நாற்பது பையையும் அடுக்கினேன். அந்த அறைக்குள் பழைய வாசம் திரும்பி வந்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. கையோடு மேசனுக்கும் சொல்லியாயிற்று; அவன் லூர்த்தம்மாவின் தம்பி அடைக்கலநாதன். இரண்டு கிழமை வேலை. மண் இருக்கிறது, கல் இருக்கிறது, ஆள் இருக்கிறது. இனி என்ன? இனிப் பெயர்க்கல்.

நிறுவனத்தின் தாளில் பதினெட்டாம் பந்தியில், பங்காளிகள் அனைவரின் பெயரும் பொறித்த பலகை ஒன்று வைக்கப்பட வேண்டும் என்று இருந்தது. எங்கே, எப்போது என்று இல்லை. அருளம்பலத்தார் அதைப் பிடித்துக்கொண்டார். பலகை உக்கிப் போகும், கல்லாக இருக்க வேண்டும், பெயர்க்கல்லை நல்ல நேரத்தில் நட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும், அதுதான் முறை. கல்லையும் அவரே கொடுத்தார். அவர் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த கருங்கல், மழமழவென்று இருந்தது. வீட்டுக்காரி சம்மதித்தாவோ தெரியாது. சரி, யாருடைய பெயர் முதல்?

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரு மாதம் எடுத்தோம். ஊரில் மனிதருக்கு மண்ணெண்ணெய் இல்லை, விளக்குத் திரியை மயிரளவு நீட்டிப் படிக்கிற பிள்ளைகள், வானத்தில் விமானம் இரைந்தால் பதுங்குகுழிக்குள் பாய்கிற சனம். இதற்கு நடுவில் வளர்ந்த நாலு பேர் கூடி, உடுப்புத் தோய்க்கிற கல்லில் எவன் பெயர் மேலே என்று அடிபட்டோம். தலைவர் பெயர் முதலில் என்றார் அருளம்பலத்தார். வண்டில் இல்லாமல் கல் நடந்தோ வந்தது என்று கேட்டார் கந்தப்பு. அகரவரிசையில் போடலாம் என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன். அருளம்பலத்தார் உடனே பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். கந்தப்புவுக்கு அது விளங்க ஐந்து நிமிடம் பிடித்தது. விளங்கியதும் சாக்கை உதறிவிட்டு எழும்பிப் போனார். அவர் இல்லாமல் கையெழுத்து இல்லை. அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மழை.

கனிசியஸிடம் போய்ச் சொன்னேன். "நான் தலையிடேலாது, அண்ணை. இது உங்கடை கூட்டு முயற்சி. முடிவு கீழையிருந்துதான் வரவேணும்," என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தான். அவனைப் போல ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. சாமானை எங்கள் தலையில் இறக்கிவிட்டு, பொறுப்பையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள்.

ஒருவழியாகக் கார்த்திகைக் கடைசியில் வரிசை முடிவானது. கோயிலின் பெயர், தலைவர் பெயர், கமக்காரர் சங்கமும் கந்தப்புவும், நிறுவனத்தின் பெயர், கீழே செயலாளர் என்று என் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் 'மற்றும் பலர்'. கோயில் பெயர் இருக்கிற கல்லில் மீன் என்ற சொல் வரலாமோ என்று அருளம்பலத்தாருக்கு ஒரு யோசனை. கந்தப்புவுக்கும் அதே யோசனை. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விடயம் அதுதான். லூர்த்தம்மா தாளை வாங்கி வாசித்தாள். அவள் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்று எங்கள் எவருக்கும் தெரியாது.

"மற்றும் பலர் எண்டால் நாங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம், எல்லாரும் அதுக்கை அடங்கும்," என்றார் அருளம்பலத்தார்.

அவள் தாளை மடித்து என்னிடம் தந்தாள். "பேர் ஒண்டும் வேண்டாம், ஐயா. இருக்க இடத்தைத் தாங்கோ." பிறகு கையெழுத்துப் போட்டாள். கால் ஒரு பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மணத்தது. அது மீன் மணம் இல்லை. நாங்கள் மூவரும் அது மீன் மணம்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்தேன். "சீமெந்து வந்து ஒண்டரை மாசமாகுது. கப்பலிலையும் கிடந்தது. மழை ஈரம். இனியும் வைச்சிருந்தால் இறுகிப் போடும்," என்றேன். "உம்மடை கடையிலைதானே கிடக்கு, நீர்தான் பாத்துக் கொள்ள வேணும்," என்றார் அருளம்பலத்தார். நான் குறிப்பேட்டை மூடினேன். அவ்வளவுதான் நான் பேசிய பேச்சு. முப்பது வருட அனுபவத்துக்கு நாலு வசனம்.

கல் பொறித்து முடிய மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எவன் கல் வைப்பான்? புது வீட்டுக்கு அத்திவாரம் வைப்பார்களா, கலியாணம் பேசுவார்களா, ஒன்றும் இல்லை. தை பிறக்க வேண்டும், பிறந்தாலும் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டி, தை இருபத்தோராம் நாள் காலையில் ஒரு நேரம் எடுத்தார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. மேடைதானே, கோயிலா கட்டுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கும் மார்கழியில் தொடங்கப் பயம். மீன் மேடைக்கு நல்ல நேரம் பார்க்கிற அளவுக்குத் தெய்வம் எங்களிடம் மினக்கெடும் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

மார்கழி நடுவில் ஒரு நாள், மழை ஊற்றிக்கொண்டிருந்த காலை, லூர்த்தம்மா என் கடைக்கு வந்தாள். சந்தை முழுக்க வெள்ளம். கால் பொலித்தீன் பைக்குள் வீங்கி, கணுக்கால் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லி நான் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"முதலாளி, மூண்டு பை தாங்கோ. தம்பி ஒரு நாளிலை எனக்கொரு சின்ன மேடை கட்டிப் போடுவான். ரண்டு பேர் இருக்கக் காணும். மழைக்கை நிக்கேலாமல் கிடக்கு."

"மார்கழியெல்லோ, லூர்த்தம்மா."

"மார்கழி உங்களுக்குத்தானே. எங்களுக்கு யேசு பிறந்த நத்தார் மாசம், ஒரு குறையுமில்லை. எங்கடை பங்கிலை கழிச்சுத் தாங்கோ."

"குடுக்கலாம்... ஆனால் எல்லாற்றை கையெழுத்தும் வேணும். நான் தனிய ஒண்டும் செய்யேலாது, பார்."

அவள் பின்னறைக் கதவைப் பார்த்தாள். பூட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, திறப்புக்கோர்வை என் இடுப்பில் தொங்கியது. இரண்டையும் அவள் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சரி, முதலாளி," என்றாள். நான் அவசரமாகக் கடைக்குள் தேடி ஒரு பழைய பலகையை எடுத்துக் கொடுத்தேன், காலுக்குக் கீழே போடு என்று. வாங்கிக்கொண்டாள். அந்தப் பலகை அடுத்த நாள் வெள்ளத்தில் மிதந்து என் கடை வாசலுக்கே திரும்பி வந்தது.

அவள் போன பிறகு பின்னறையைத் திறந்தேன். கூரையில் ஷெல் துண்டு விழுந்த ஓட்டையால் சாரல் அடித்திருந்தது. மேல் பையைப் பெருவிரலால் அமத்தினேன். மூலை கல்லாகிவிட்டது. நடுப்பாகம் இன்னும் இளகியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அன்றைக்கே வெட்டிக் குழைத்திருந்தால் முக்கால்வாசி சரிவந்திருக்கும். பையைப் புரட்டிப் போட்டிருந்தாலாவது கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நான் என்ன செய்தேன்? கதவைப் பூட்டினேன். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அருளம்பலத்தார் திருவெம்பாவைப் பூசையில் இருந்தார், கந்தப்பு வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார், மார்கழியில் கூட்டம் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உன் கடையில்தானே கிடந்தது என்பார்கள். மானம் போய்விடும் என்று பயந்தேன். இருந்த மானத்தைக் கணக்கெடுத்தால் ஒரு பெட்டி இறாலுக்கும் காணாது.

தை இருபத்தோராம் நாள் சந்தைக்குப் பந்தல் போட்டார்கள். வாழை கட்டினார்கள். அளவெட்டியில் இருந்து நாதஸ்வரக் கோஷ்டி சைக்கிளில் வந்தது; தவில்காரர் தவிலைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து வியர்த்துப் போனார். அருளம்பலத்தார் பட்டு வேட்டி. கந்தப்பு சால்வை. கனிசியஸ் கழுத்தில் கமெரா. பொறித்த கல் மாலை போட்டுக்கொண்டு நின்றது. மீன் விற்கும் பெண்கள் பதினொரு பேர் ஒதுங்கி நின்றார்கள். நல்ல நேரம் நெருங்க, அடைக்கலநாதன் முதல் பையை இழுத்து வைத்து, சாந்தகப்பையால் குத்தினான். டங் என்றது. இன்னொரு இடத்தில் குத்தினான். அங்கேயும் டங். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். பையைத் தட்டிப் பார்த்தேன், தலையை ஆட்டினேன், "ஈரம் குடிச்சிட்டுது போலை," என்றேன், ஏதோ இன்றைக்குத்தான் கண்டவன் போல. கந்தப்பு வாய்விட்டுச் சிரித்தார். அருளம்பலத்தார் சிரிக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் முடியப் போகுது. உடையுங்கோடா. உள்ளுக்கை தூள் இருக்கும், அரிச்செடுங்கோ. கல்லை நட்டால் காணும்."

உடைத்தோம். என் கடைச் சம்மட்டிதான். நாலு பையை நொறுக்கி, அரிதட்டில் அரித்து, இரண்டு வாளித் தூள் எடுத்தோம். கப்பலேறி வந்த நாற்பது பையில் உருப்படியாகப் பயன்பட்டது அவ்வளவுதான்; மற்ற முப்பத்தாறும் என் பின்னறையில் கல்லாய்க் கிடந்தன. அதை முழுக்கக் குழைத்து, மீன் மேடை வர வேண்டிய இடத்தின் ஓரத்தில் எங்கள் பெயர்க்கல்லை நட்டோம். கெட்டி மேளம் கொட்டியது. கனிசியஸ் எங்களைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னான், சிரித்தோம். "முதற்கட்டம் முடிஞ்சுதெண்டு எழுதலாம்," என்றான்.

"உன்ரை அக்கா எங்கை?" என்று நான் அடைக்கலநாதனிடம் கேட்டேன். படம் எடுத்து முடிந்த பிறகுதான் கேட்டேன்.

அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "பெரியாஸ்பத்திரியிலை. முந்தநாள் ரண்டு விரலும் எடுத்துப் போட்டினம். இன்னும் ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டி வருமாம்."

அருளம்பலத்தார் அனுதாபமாக நாக்கைச் சப்பினார். "சீனி வருத்தம் பொல்லாதது," என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது உண்மைதான், ஆனால் சீனியின் மேல். எல்லோருக்கும் சர்க்கரைப்பொங்கல் கொடுத்தார்கள். நானும் வாங்கி உண்டேன்.

மாசி பிறந்து ஒரு கிழமையில், விடிந்து சற்று நேரத்தில், என் கடை வாசலில் பன்னிரண்டு பெண்களும் நின்றார்கள். லூர்த்தம்மா நடுவில், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு. பாதம் தப்பியிருந்தது. வெள்ளைத் துணிக் கட்டு, அதற்கு மேல் முன்பக்கம் வெட்டிய செருப்பு. முகம் பாதியாகியிருந்தது.

"முதலாளி, கதவைத் திறவுங்கோ."

"என்னத்துக்கு?"

"உள்ளுக்கை கிடக்கிற கல்லை எடுக்க."

என் வாய் பழக்கத்தில் திறந்தது. "கையெழுத்து..."

"கையெழுத்துச் சீமெந்துக்கெல்லோ," என்றாள் லூர்த்தம்மா. "கல்லு எடுக்க ஆரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. நாங்கள் நாலு நாள் சுமந்தனாங்கள், ஒருத்தரும் கேக்கேல்லையே."

திறந்தேன். ஒரு பைக்கு மூன்று பேராகப் பிடித்துத் தூக்கினார்கள். நான் ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தேன். "நீங்கள் விடுங்கோ, முதலாளி," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்கள் எழுதுங்கோ. அதுதானே உங்கடை வேலை." நான் கையை எடுத்தேன். அவர்கள் முப்பத்தாறு பையையும் தூக்கியும் உருட்டியும் கொண்டுபோய், முன்பு தாங்கள் சுமந்த முருகைக்கல்லைக் கிடங்குக்குள் கொட்டி நிரவி, அதற்கு மேல் வரிசையாக வைத்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எங்கள் கூட்டுக்குழுவுக்கு நாலு மாதம் காணாத வேலை. கடதாசி உரிந்த கற்களில் பையின் மடிப்பும் தையலும் அப்படியே பதிந்திருந்தன. ஒவ்வொருத்திக்கும் இருக்க ஒன்று, மீன் பரப்ப இரண்டு. சேற்றுக்கு மேலே, காய்ந்த இடத்தில்.

அடுத்த கிழமையே சனம் வந்தது. கால் நனையாமல் நின்று மீன் பார்க்கலாம் என்றதும் மருதனார்மடத்துக்கு மிதித்த சைக்கிள்கள் இங்கே நின்றன. மீன் வாங்க வந்தவன் தேங்காயும் வாங்கினான், பூட்டிக் கிடந்த இரண்டு கடைகள் திறந்தன, என்னிடமும் ஆணி கேட்டு ஆள் வந்தது. அருளம்பலத்தார் வந்து பார்த்துவிட்டு, ஆரைக் கேட்டு வைத்தது என்று ஒரு தரம் சத்தம் போட்டார்; பெண்கள் தங்கள் பாட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள், போய்விட்டார். இப்போது கோயிலில், தங்கள் முயற்சியால் சந்தை எழும்பிவிட்டது என்று சொல்லித் திரிகிறாராம். கனிசியஸ் வந்து அந்தக் கற்களையும் படம் எடுத்தான். உள்ளூர் மூலப்பொருட்களால் அமைந்த இருக்கைகள் என்று தாளில் எழுதி, இரண்டாம் கட்டமும் முடித்துவிட்டான். அந்த அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

லூர்த்தம்மா ஓரத்தில், எங்கள் பெயர்க்கல்லை ஒட்டி இடம் பிடித்திருந்தாள். ஒரு கல்லில் இருந்துகொண்டு, கட்டுப் போட்ட காலை இன்னொரு கல்லில் நீட்டி வைத்திருந்தாள். தடியைப் பெயர்க்கல்லில் சாய்த்திருந்தாள். காலையில் வந்து இருந்ததும் முதல் வேலையாகக் கத்தியைத் தீட்டுவாள். அதற்கு அந்தக் கருங்கல் நல்ல வசதியாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கடைசி இரண்டு வரிதான் வரும். மீன் கழுவிய தண்ணீரில் ஒரு கை அள்ளிக் கல்லில் அடித்து, கத்தியைச் சரித்து வைத்து, முன்னும் பின்னுமாக நிதானமாக இழுப்பாள். மேலோட்டமாகப் பொறித்த 'மற்றும் பலர்' பங்குனிக்குள் தேய்ந்து போய்விட்டது. அதற்கு மேல் வரியில் என் பெயர். நான் கடைக்குள் இருந்து ஆணி நிமிர்த்திக்கொண்டே பார்ப்பேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஒரு நாளும் அவள் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்ததில்லை. கத்தியின் வாயைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பாள், கூர் காணாது என்று கண்டால், இன்னும் ஒரு கை தண்ணீர் அள்ளி அடிப்பாள்.